அபிளேஷன் செய்தால் படபடப்பு திரும்ப வராதா?

உங்கள் கடிதங்களில் பாதிக்கு மேல் கேட்டிருப்பது ஒன்றுதான்: அபிளேஷன், அதாவது துடிப்பைக் கெடுக்கும் இடத்தை ரத்தக்குழாய் வழியே இதயத்துக்குள் போய்ச் சுடும் சிகிச்சை, எத்தனை சதவீதம் பலிக்கும்? எந்தத் துடிப்புக் கோளாறு என்று தெரிந்தால்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும்.

எனக்கு 34 வயது. திடீரென்று படபடவென்று அடித்து, சட்டென நின்றுவிடுகிறது. எஸ்விடி என்றார்கள். அபிளேஷனில் குணமாகுமா? – வாசகி, பண்ருட்டி

பெரும்பாலும் ஆகும். இதயத்தில் மின்சாரம் தவறாகச் சுழன்று திடீரென வேகமாகத் துடிப்பதுதான் எஸ்விடி. இந்த வகையில் அதிகம் காண்பது, ஏவி முனை (மேலறையிலிருந்து கீழறைக்கு மின்சாரம் கடக்கும் சந்திப்பு) அருகே கூடுதலாக இருக்கும் ஒரு மின்பாதையால் வருவது. அதைச் சுட்டுவிட்டால் 100 பேரில் சுமார் 95 பேருக்கு ஒரே முறையில் தொல்லை தீர்ந்துவிடும். இயல்பான பாதையும் பக்கத்திலேயே இருப்பதால், 100ல் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோ பேஸ்மேக்கர் தேவைப்படலாம். இதை டாக்டரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். படபடப்பு இருக்கும்போது எடுத்த இசிஜியைப் பத்திரமாக வையுங்கள். எங்களுக்கு அதைவிடப் பெரிய தடயம் இல்லை. லேமினேட் மட்டும் செய்யாதீர்கள், அந்தக் காகிதம் சூட்டில் கறுத்துவிடும். ஜெராக்ஸ் போதும்.

தம்பிக்கு 22 வயது, கடல் தொழில். டபிள்யூபிடபிள்யூ என்கிறார்கள். ஒருமுறை மயங்கி விழுந்தான். – தேவனாம்பட்டினம்

தள்ளிப்போடாதீர்கள். இதயத்தின் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே பிறவியிலேயே கூடுதலாக ஒரு மின்பாதை இருப்பதுதான் டபிள்யூபிடபிள்யூ. மயக்கம் வந்திருப்பதால் இது உயிருக்கே ஆபத்தாகலாம். 100க்கு 90க்கு மேல் அபிளேஷனில் சரியாகும். அதுவரை தம்பி படகேற வேண்டாம்.

ஏஎஃப்-க்கு அபிளேஷன் செய்து ஒரு மாதம்தான் ஆகிறது. மறுபடி படபடப்பு. பணம் வீணா? – 62 வயது, லாஸ்பேட்டை

இல்லை ஐயா. ஏஎஃப் என்பது இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிப்பது. சுட்ட இடம் ஆறும்வரை, முதல் 2, 3 மாதங்களில் துடிப்பு தடுமாறுவது சகஜம். அதைத் தோல்வி என்று கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆனாலும் எஸ்விடி அளவுக்கு ஏஎஃப்-இல் உறுதி தர முடியாது. நுரையீரலிலிருந்து வரும் ரத்தக்குழாய்களில்தான் பல ஏஎஃப்கள் கிளம்புகின்றன என்று 1998-இல் பிரான்சின் போர்தோ நகர மருத்துவர்கள் காட்டினார்கள். அந்தக் குழாய்களின் வாயைச் சுற்றிச் சுடுகிறோம். வந்து வந்து போகும் வகையில், ஓராண்டு கழித்து 100க்கு சுமார் 70 பேர் நன்றாக இருக்கிறார்கள். விடாமல் நிலைத்துவிட்ட வகையில் இது குறையும். சிலருக்கு இரண்டாம் முறையும் தேவைப்படும்.

ஒன்றை மட்டும் வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள். முதல் இரண்டு மாதத்துக்குள் காய்ச்சல், விழுங்கும்போது வலி, ரத்த வாந்தி, வாய் கோணல் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போய், அபிளேஷன் செய்ததை முதலில் சொல்லுங்கள். இதயத்தை ஒட்டியிருக்கும் உணவுக்குழாயில் அந்தச் சூட்டால் ஓட்டை விழுவது மிக அரிது, ஆனால் கொல்லக்கூடியது. அந்தச் சந்தேகம் இருந்தால் எண்டோஸ்கோபி செய்யக்கூடாது, சிடி ஸ்கேன்தான் எடுக்க வேண்டும்.

துடிப்பு சீராகிவிட்டது. ரத்தம் உறையாமல் இருக்கத் தந்த மாத்திரையை நிறுத்தலாமா? – நெல்லிக்குப்பம்

நீங்களாக நிறுத்தவே வேண்டாம். ஏஎஃப் அபிளேஷனுக்குப் பின் குறைந்தது இரண்டு மாதம் எல்லோருக்கும் கட்டாயம். அப்புறம் தொடர்வதை முடிவுசெய்வது வயது, பிரஷர், சுகர், முன்பு பக்கவாதம் வந்ததா என்பதெல்லாம்தான். துடிப்பு சீராக இருப்பதை வைத்து அல்ல.

சனி, ஞாயிறு மட்டும் குடிப்பேன். அதனாலும் ஏஎஃப் வருமா? – முத்தியால்பேட்டை

வரும். குடியை விட்டவர்களுக்கு ஏஎஃப் திரும்புவது குறைந்ததை 2020-இல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. விட்டுவிடுங்கள். தூக்கத்தில் மூச்சு தடைபடுவதும் ஏஎஃப்-ஐத் தூண்டும்; குறட்டை அதிகமென்றால் தூக்கப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.