ஜிஞ்சருக்குள்ள ஒளிச்சிருக்கிற வேர்

கேள்வி: ஐயா, போன கிழமை கன்னியா வெந்நீரூற்றுக்குப் போயிட்டு வாற வழியில கடையில இஞ்சிப் பிளேன்டீ குடிச்சம், அப்ப மகன் கேக்கிறான், ஜிஞ்சர் எண்டுறது இஞ்சிதானே, வெள்ளைக்காரன் எங்களிட்ட இருந்து எடுத்ததோ எண்டு. வாட்ஸ்அப்பில வாற கதை மாதிரி இதுவும் புளுகோ? - உப்புவெளி வாசகி

பதில்: இல்லைத் தங்கச்சி, இது புளுகில்லை, ஆனா நேரா எடுத்ததுமில்லை. வெள்ளைக்காரன் 1795இல எங்கட திருகோணமலைக் கோட்டையைப் பிடிக்க எத்தினையோ நூற்றாண்டுக்கு முந்தியே பழைய ஆங்கிலத்தில 'ஜிஞ்சிஃபர்' எண்டு சொல் இருந்தது. அது லத்தீன்ல இருந்து வந்தது, லத்தீனுக்கு 'ஸிங்கிபெரிஸ்' எண்ட கிரேக்கம், கிரேக்கத்துக்குப் பின்னால பாளியில 'சிங்கிவேர'. சமஸ்கிருதத்தில 'சிருங்கவேர', கொம்பு மாதிரி உடம்புள்ளது எண்டு விளக்கம் சொல்லுவாங்க, இஞ்சியைப் பாத்தா கொம்பு மாதிரித்தானே எண்டு நாங்களும் தலையாட்டுவம், ஆனா மொழியியல்காரர் பலர் அதைப் பிறகு பொருத்தின விளக்கம் எண்டுதான் சொல்லுறாங்க, அவங்கட கணக்கில அது திராவிட 'இஞ்சி'யும் 'வேர்'உம் சேர்ந்த சொல்.

அப்ப முன்னுக்கு நிக்கிற 'சி' எங்க இருந்து வந்தது எண்டு மகன் கட்டாயம் கேப்பான். சிறகு - இறகு, சிப்பி - இப்பி, ரெண்டு விதமாவும் சொல்லுறமல்லோ? தமிழ்ல முதல்ல நிண்ட 'ச' கன சொல்லில கொட்டுப்பட்டுப் போச்சு. இஞ்சிக்கும் அதுதான் நடந்தது, சங்கப் பாட்டிலயே வெறும் 'இஞ்சி'தான். நாங்க தொலைச்ச எழுத்தை வடக்க கொண்டுபோனவங்க பத்திரமா வச்சிருந்திருக்கிறாங்க! எனக்கு இதில பிடிச்ச இடமே இதுதான். 'வேர்' தேஞ்சு தேஞ்சு இப்ப ஜிஞ்சரிண்ட வாலில 'அர்' எண்டு மட்டும் கிடக்கு.

சந்தையில சிங்கள ஆக்கள் 'இங்குரு' எண்டுறதும் இந்தக் குடும்பம்தான். கிண்ணியாவில ஓதின பிள்ளையளைக் கேட்டா 'ஸன்ஜபீல்' எண்டு சொல்லுங்கள், குர்ஆன்ல 76ஆம் அத்தியாயத்தில சொர்க்கத்துப் பானத்தில கலக்கிறதா வாறது அந்தச் சொல்தான், அதுவும் இதே மூலத்தில இருந்து போனது.

ஆனா ஆங்கிலத்தில 'ஜிஞ்சர்லி' எண்டு ஒரு சொல் இருக்கு, பதனமா, மெதுவா எண்டு கருத்து. அதுக்கும் இஞ்சிக்கும் ஒரு சொந்தமும் இல்லை, மகன் அதையும் இழுத்துக்கொண்டு வரமுதல் சொல்லி வைங்கோ.