பழைய பாய்மரப் படகின் டீசல் எஞ்சினை ஓவராயில் செய்வதா, புதிதாக மாற்றுவதா?

கேள்வி கேட்டவர் 31 அடிப் பாய்மரப் படகு ஒன்றை வாங்கியிருக்கிறார். அதிலுள்ள முப்பது ஆண்டுப் பழைய, 18 குதிரைத்திறன் இரட்டை சிலிண்டர் டீசல் எஞ்சின் காலையில் எளிதில் ஸ்டார்ட் ஆவதில்லை. ஸ்டார்ட் ஆனாலும் வெள்ளைப் புகை விடுகிறது. ஓவராயில் போதுமா, புதிது போடுவதென்றால் 30 குதிரைத்திறனுக்குப் போகலாமா என்று கேட்கிறார்.

நான் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில், நீரோடிக்குப் பக்கத்து ஊரைச் சேர்ந்தவன். எங்கள் பகுதி ஆழ்கடல் படகுகள் பல கொச்சி தோப்பும்படியில்தான் கிடக்கும். நானும் அங்கே டீசல் மெக்கானிக்காக இருக்கிறேன். பாய்மரப் படகு எங்களிடம் அபூர்வமாகவே வரும். அப்படி வந்த ஒன்றுக்கு எஞ்சின் மாற்றிய அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

முதலில் ஓர் எச்சரிக்கை. ஸ்டார்ட் ஆகாத எஞ்சினைத் திரும்பத் திரும்பச் சுற்ற நேர்ந்தால், கடல்நீர் உள்ளே வரும் வால்வை மூடிவிட்டுச் சுற்றுங்கள்; எஞ்சின் பிடித்தவுடன் மறக்காமல் திறந்துவிடுங்கள். சுற்றும்போதெல்லாம் பம்பு தண்ணீரைச் சைலன்சருக்கு அனுப்பிக்கொண்டேயிருக்கும். அதை வெளியே தள்ளப் புகையின் வேகம் இல்லாததால், அது நிரம்பிப் பின்வாங்கி சிலிண்டருக்குள்ளேயே இறங்கிவிடும்.

வெள்ளைப் புகை கண்ணை எரித்து டீசல் வாடை அடித்தால் அது எரியாத டீசல். டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு, இரண்டு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன், அதாவது காற்று அழுந்தும் அழுத்தம், பாருங்கள். கோளாறு இன்ஜெக்டரில் என்றால் சிறிய செலவோடு முடிந்துவிடும். கம்ப்ரெஷன் குறைந்து, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் லைனரும் தேய்ந்துவிட்டன. உதிரிபாகம் கிடைக்கும் எஞ்சினானால் அதையும் சரிசெய்யலாம். ஆனால் கடல்நீரே நேரடியாக எஞ்சின் பிளாக்குக்குள் சுற்றிக் குளிர்விக்கும் வகையானால் ஓவராயிலுக்குப் பணம் போடாதீர்கள். உப்புப் படியக் கூடாது என்பதற்காகவே அவ்வகை எஞ்சின்களை 60 பாகை செல்சியஸுக்குள் ஓட விடுவார்கள். முப்பது ஆண்டில் நீர்ப்பாதையின் இரும்பு உள்ளுக்குள் அரித்திருக்கும், அதை எந்த லேத்துப் பட்டறையும் திருப்பித் தராது.

எங்களிடம் வந்த படகில், புகையும் கடல்நீரும் கலக்கும் எக்ஸாஸ்ட் பெண்டைக் கழற்றிப் பார்த்தபோது, கரியும் உப்பும் இறுகி, ஒரு பென்சில்கூட நுழையாத அளவுக்குத் துளை சுருங்கியிருந்தது. புகை வெளியேற வழியில்லாமல் மூச்சடைத்தே அந்த எஞ்சின் செத்திருந்தது. எனவே பெண்டு, ரப்பர் ஹோஸ், சைலன்சர் மூன்றையும் எஞ்சினோடு சேர்த்தே மாற்றுங்கள். தண்ணீர் கலக்கும் இடம் கடல்மட்டத்துக்குக் கீழேயோ அதை ஒட்டியோ இருந்தால், நீர் தானாக இழுபட்டு உள்ளே வராமலிருக்க ஏர் வால்வுள்ள வளைகுழாயை மேலே ஏற்றிப் பொருத்துங்கள். டீசல் டேங்கையும் அடிவரை கழுவ வேண்டும். அடியில் தேங்கும் தண்ணீரில் வளரும் கரிய சளி போன்ற நுண்ணுயிர்ப் படலம், புதிய எஞ்சினின் ஃபில்டரை முதல் அலையிலேயே அடைத்துவிடும்.

குதிரைத்திறனை ஏற்றும் ஆசையை விட்டுவிடலாம். நீரைப் பிளந்து செல்லும் இவ்வகைப் படகின் வேகத்துக்கு அதன் நீளமே வரம்பு: மிதக்கும்போது நீர்மட்டத்தில் உள்ள நீளமான நீர்க்கோட்டு நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கில் வேகம் கிடைக்கும். உங்கள் படகு நீர்க்கோட்டில் 25 அடி இருக்குமானால் அது 6.7 நாட். 30 குதிரைத்திறன் போட்டாலும் பின்னால் அலைதான் பெரிதாகும். இழுவலைப் படகைப் பார்த்துப் பழகிய எங்களுக்கே இதை ஏற்க முதலில் மனம் வரவில்லை.

பழையதைத் தூக்குமுன் புரொப்பல்லர் ஷாப்ட்டின் மையத்திலிருந்து எஞ்சின் கால்கள் நிற்கும் இடங்களுக்கு உள்ள உயரம், அகலம் இரண்டையும் அளந்து பிளைவுட்டில் அச்சு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். புதிய கியர் பாக்ஸின் ரேஷியோவோ சுழலும் திசையோ வேறாக இருந்தால் பழைய புரொப்பல்லர் உதவாது. முழுத் திராட்டிலில், எஞ்சினுக்குச் சொல்லப்பட்ட உச்ச ஆர்பிஎம் வருகிறதா என்று கடலில் ஓட்டிப் பார்த்தால் புரொப்பல்லரின் அளவு பொருந்துகிறதா என்பது தெரிந்துவிடும். வராமல் கரும்புகை விட்டால், புரொப்பல்லர் அளவுக்கு மீறிய சுமையாக இருக்கிறது.

எஞ்சினையும் ஷாப்ட்டையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்தும் அலைன்மென்ட்டில் நானே ஒரு தப்புச் செய்தேன். கரையில் படகு முட்டுக்கட்டையில் நிற்கும்போதே இரண்டையும் இணைக்கும் கப்ளிங்கைத் துல்லியமாக இணைத்துவிட்டு நிமிர்ந்தேன். எங்கள் மூத்த மெக்கானிக் ஒருவர், “தண்ணியில எறக்காம போல்ட்ட முறுக்காத மக்களே” என்றார். படகு இறங்கி மூன்று நாள் கழித்து இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை வைத்தபோது, கப்ளிங்கின் கீழ்ப்பக்கம் 0.3 மில்லிமீட்டர் திறந்திருந்தது. 4 அங்குல கப்ளிங்குக்கு 0.1 மில்லிமீட்டருக்கு மேல் ஆகாது. நீர் தாங்கும்போது படகின் உடல் தன் வடிவத்துக்குத் திரும்பும். அதற்கு விட்டுவிட்டுத்தான் அளக்க வேண்டும். ரப்பர் மவுண்டுகளும் பளு ஏறச் சற்று அமரும் என்பதால், முதல் 50 மணி நேர ஓட்டத்துக்குப் பின் ஆயில் மாற்றும் அன்று இதையும் மறுபடி பாருங்கள்.

வேலையைக் கேரளத்தில் செய்வதானால், இழுவலைத் தடை நடக்கும் ஜூன், ஜூலை மாதங்களைத் தவிருங்கள். அந்த 52 நாளில் இழுவலைப் படகெல்லாம் பழுதுபார்க்கக் கரையில் கிடக்கும். உங்கள் சிறிய எஞ்சினைத் திரும்பிப் பார்க்க எங்களுக்கு நேரம் இருக்காது.