சிங்கப்பூர் அட்டைத் தாமதமும் பினாங்கு வீட்டுக் கடனும்

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நீங்கள், அங்குள்ள கடன்பற்று அட்டைக்கு இருமுறை தாமதமாகப் பணம் கட்டியதால்தான் பினாங்கின் பாயான் லெப்பாஸ் வீட்டுக்கான கடன் நிராகரிக்கப்பட்டதா என்று கேட்டிருந்தீர்கள். அந்தத் தாமதம், மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் சிசிரிஸ் எனும் கடன் வரலாற்றுப் பதிவில் ஏறாது. ஆனாலும் நிராகரிப்புக்கு அது காரணமாக இருந்திருக்கலாம். ஏனெனில், சிங்கப்பூர்ச் சம்பளத்தைக் காட்டி விண்ணப்பிப்பவரிடம் மலேசிய வங்கிகள் பெரும்பாலும் அந்நாட்டுக் கடன் தகவல் அறிக்கையையும் கேட்கின்றன. அதில் 30 நாளுக்குள் கட்டிய தாமதம் 'ஏ' என்ற நல்ல தரத்திலேயே நிற்கும். 30 நாளைத் தாண்டினால் தரம் 'பி' என இறங்கிவிடும்.

என் சந்தேகம் வேறிடத்தில் இருக்கிறது. பினாங்கில் பயன்படுத்தாமல் விட்டுவந்த பழைய அட்டை ஏதும் உண்டா? தேய்க்காவிட்டாலும் ஆண்டுதோறும் 25 ரிங்கிட் சேவை வரி அதில் விழும். பழைய முகவரிக்குப் போகும் அந்தச் சில்லறைப் பாக்கியை யாரும் கவனிக்காத நிலையில், மாதந்தோறும் தாமதக் கட்டணமும் சேர்ந்து, சிசிரிஸ் பதிவில் 1, 2, 3 என்று எண் ஏறிக்கொண்டே போகும்.

இதைச் சரிபார்க்க, பேங்க் நெகாராவின் இசிசிரிஸ் இணையத்தளத்தில் உங்கள் சிசிரிஸ் அறிக்கையை இலவசமாக எடுத்து, கடைசி 12 மாதக் கட்டங்களைப் பாருங்கள். 0 என்றால் நிலுவையில்லை. வேறு எண் இருந்தால் அத்தனை மாதத் தவணை பாக்கி.

பாக்கியை இன்றே கட்டினாலும் பழைய எண்கள் உடனே அழியா. 12 மாதங்களில் ஒவ்வொன்றாகத்தான் நகர்ந்து மறையும். அதற்குள் நாலைந்து வங்கிகளில் ஒரே நேரத்தில் விண்ணப்பிக்க வேண்டாம், பரிசீலனையில் உள்ள விண்ணப்பங்களும் அதே அறிக்கையில் தெரியும்.