சர்க்கரை மாத்திரையும் ஏ.ஆர்.டி. மாத்திரையும்

ஏற்காட்டிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "வயது 46, காபித் தோட்ட வேலை. 11 வருடமாக சேலம் பெரியாஸ்பத்திரியில் எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறேன். 4 வருடம் முன்பு டி.எல்.டி.க்கு மாற்றினார்கள். அப்புறம் எடை 9 கிலோ ஏறிவிட்டது. போன மாதம் இரண்டு முறை பார்த்தேன். வெறும் வயிற்றில் சர்க்கரை 150க்கு மேல். டவுன் கிளினிக்கில் மெட்ஃபார்மின் 1000 காலையும் இரவும் எழுதினார்கள். எச்.ஐ.வி. பற்றி அங்கே சொல்லவில்லை. இப்போது வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. ஏ.ஆர்.டி.யால்தான் சர்க்கரை வந்ததா? நிறுத்திவிடலாமா?"

நிறுத்தாதீர்கள் அம்மா, ஒரு நாள்கூட. நிறுத்தினால் வைரஸ் மறுபடி தலைதூக்கும், சர்க்கரையும் போகாது.

எனக்குக் கவலை தந்தது அந்த இரண்டு 1000தான். டி.எல்.டி. என்பது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை. மெட்ஃபார்மின் சிறுநீரில்தான் வெளியேற வேண்டும். டோலுடெக்ராவிர் அந்த வழியைக் கொஞ்சம் அடைப்பதால் அது ரத்தத்திலேயே தேங்கி, சுமார் 79 சதவீதம் கூடிவிடுகிறது. அதனால் டி.எல்.டி. சாப்பிடுபவருக்கு ஒரு நாளைக்கு மொத்தமே 1000 மில்லிகிராம்தான் வரம்பு. நீங்கள் அதைப்போல இரண்டு மடங்கு சாப்பிடுகிறீர்கள். வயிற்றுப்போக்குக்கு இதுவே காரணமாக இருக்கலாம். கிளினிக் டாக்டர் மீது தப்பில்லை, அவருக்கு விஷயம் தெரியாதே.

அடுத்த மாத்திரை வாங்கும் தேதி வரை காத்திருக்க வேண்டாம். நாளையே இரண்டு மாத்திரையையும் சீட்டையும் எடுத்துக்கொண்டு ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போங்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் பரிசோதனையைப் பார்த்து அளவைக் குறைப்பார்கள்; தேவைப்பட்டால் வேறு சர்க்கரை மாத்திரை சேர்ப்பார்கள். வாந்தி, மூச்சிரைப்பு, எழ முடியாத அசதி என்று எது வந்தாலும் உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

கிளினிக்கில் சொல்லக் கூச்சமாக இருக்கும், புரிகிறது. மாத்திரை டப்பாவின் லேபிளை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டுப் பையில் வைத்திருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து சுரண்டாதீர்கள். வாய்விட்டுச் சொல்ல வராவிட்டால் டப்பாவை மேசைமேல் வையுங்கள். மருந்துப் பெயரைப் படித்ததும் டாக்டருக்குப் புரிந்துவிடும். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டப்படி, உங்கள் விவரத்தை அவர் வெளியே சொல்லக் கூடாது, எச்.ஐ.வி.யைக் காட்டி வைத்தியம் மறுக்கவும் கூடாது.

சரி, சர்க்கரை ஏன் வந்தது? ஒரே காரணம் என்று எதையும் கைகாட்ட முடியாது. வயது, குடும்ப வழி, ஏறிய எடை, வருடக்கணக்காக உடலுக்குள் இருக்கும் அழற்சி எல்லாம் சேரும். ஸ்டாவுடின், ஜிடோவுடின் போன்ற பழைய மருந்துகளுக்கும் பங்குண்டு. டோலுடெக்ராவிரில் எடை கூடுவது பலருக்கு நடக்கிறது.

பரிசோதனையில் ஒரு விஷயம். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மூன்று மாதச் சராசரி காட்டும் எச்.பி.ஏ.1.சி. உண்மையைவிடக் குறைவாகக் காட்டலாம். "அது 6தானே" என்று சமாதானமாகிவிடாதீர்கள். வெறும் வயிற்றில் இரண்டு முறை 126ஐத் தொட்டால் சர்க்கரை நோய்தான்.

சாப்பாட்டில், வேலைக்கு நடுவே குடிக்கும் சர்க்கரை போட்ட டீயை முதலில் நிறுத்துங்கள். வயிற்றுக்கு இதம் என்று ஜவ்வரிசிக் கஞ்சி காய்ச்சாதீர்கள். அது அத்தனையும் மரவள்ளி மாவு, சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும்.

வயிறு சரியில்லை என்று அசிடிட்டி சிரப் ஏதாவது குடிக்கிறீர்களா? டி.எல்.டி. சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்துத்தான் அதைக் குடிக்கலாம். முதலில் சிரப்பைக் குடித்துவிட்டால் 6 மணி நேரம் கழித்து டி.எல்.டி.யைச் சாப்பிடுங்கள். சேர்த்துச் சாப்பிட்டால் டோலுடெக்ராவிர் உடம்பில் சரியாகச் சேராது.