விழுந்தது புதிய பழக்கமா, பழைய பழக்கமா?

நான்கு பக்கக் கடிதத்தில் மூன்றே முக்கால் பக்கம் உங்களை நீங்களே திட்டிக்கொண்டிருக்கிறீர்கள். காலை ஐந்து மணிக்கு எழ முடியவில்லை, பத்தாயிரம் அடி நடக்க முடியவில்லை, தியானம் பதினோராம் நாளோடு நின்றுவிட்டது, மூன்று லிட்டர் தண்ணீர் இறங்கவில்லை, முடி கொட்டுகிறது, நகத்தில் கோடு விழுகிறது. ‘மூன்று வருடத்தில் ஒன்பது முறை ஆரம்பித்து ஒன்பது முறையும் விட்டுவிட்டேன். 42 வயதில் உடம்பைப் பார்த்துக்கொள்ளக்கூடத் தெரியவில்லை. என் மூளையில் ஏதாவது கோளாறா டாக்டர்?’ என்று கேட்கிறீர்கள். மூன்றாம் பக்கத்தின் அடியில், எழுதிவிட்டு அடித்துவிடலாமா என்று யோசித்ததுபோல, சின்ன எழுத்தில் இப்படி இருக்கிறது: ‘இரண்டு மாதமாகக் குளிப்பதே மலைப்பாக இருக்கிறது. படுக்கும் முன் பத்துப் பக்கமாவது படிக்காமல் தூங்காதவள், புத்தகத்தைத் தொடவே இல்லை. அம்மாவும் கடைசிக் காலத்தில் இப்படித்தான் படுத்தே கிடந்தார்.’

நான் பதில் எழுதுவது அந்தச் சின்ன எழுத்துக்கு.

மற்றவற்றை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். பத்தாயிரம் அடி என்பது எந்த மருத்துவரும் கண்டுபிடித்த அளவு அல்ல. 1965-ஆம் ஆண்டு ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவிக்கு ‘பத்தாயிரம் அடி மானி’ என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் உலகம் சுற்றி வந்து இன்று உங்கள் கைக்கடிகாரத்தில் உட்கார்ந்து உங்களை அதட்டுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு. அதுவும் முடியாவிட்டால், கொஞ்சமாவது நடப்பது நடக்காமலே இருப்பதைவிட நல்லது என்றும் அதே அறிக்கை சொல்கிறது. எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று தாகமே சொல்லும். சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போகிறதென்றால் போதும். சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்குக் கணக்கு வேறு, உங்களுக்கு அது இல்லை. நகத்தில் நெடுக்காக ஓடும் கோடு முகச் சுருக்கத்துக்கு உறவு, நோய்க்கு உறவல்ல. ஒரு நாளைக்கு ஐம்பது முதல் நூறு முடி எல்லோருக்கும் உதிரும். பன்னிரண்டு மணிக்குப் படுத்துவிட்டு ஐந்து மணிக்கு எழ முடியவில்லை என்று வருந்துகிறீர்கள். உங்கள் உடம்பு ஏழு மணி நேரத் தூக்கத்தைக் கேட்கிறது, அது சோம்பலாகாது.

இணையத்தில் படித்ததாக இரண்டு பெயர்களை அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறீர்கள். ‘அட்ரீனல் சோர்வு’ என்றொரு நோயை நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்கள் ஏற்கவே இல்லை. சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி உண்மையிலேயே செயலிழப்பது தனி நோய். அதில் எடை குறையும், ரத்த அழுத்தம் இறங்கும், பெரும்பாலும் தோல் கருக்கும், ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். உங்கள் கடிதத்தில் அதற்கான அறிகுறி ஒன்றுகூட இல்லை. ‘டோபமைன் தீர்ந்துவிட்டது’ என்பதோ அதைவிடப் பெரிய கூத்து. டோபமைன் மூளை செய்தி கடத்தப் பயன்படுத்தும் ஒரு ரசாயனம். தீர்ந்துபோக அது தொட்டியில் நிரப்பிய பெட்ரோல் அல்ல. இந்த இரண்டு பெயரையும் சொல்பவர்கள், அடுத்த மூச்சில் எதையாவது விற்கிறார்களா என்று மட்டும் பாருங்கள்.

உங்களுக்கும் விற்றிருக்கிறார்கள். முடிக்காகத் தினமும் 10 மில்லிகிராம் பயோட்டின் என்ற பி வகை வைட்டமினை எட்டு மாதமாகச் சாப்பிடுகிறீர்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்குப் போதுமான அளவு 30 மைக்ரோகிராம்; நீங்கள் விழுங்குவது அதைப்போல முந்நூறு மடங்குக்கு மேல். பயோட்டின் குறைபாடே இல்லாதவருக்கு அதனால் முடி வளரும் என்பதற்குச் சரியான ஆதாரம் கிடையாது. அது போகட்டும், என் கோபம் வேறு. பல ஆய்வகக் கருவிகள் பயோட்டினை வைத்துத்தான் ஹார்மோன்களை அளக்கின்றன. ரத்தத்தில் அது மிதமிஞ்சி இருந்தால், தைராய்டு மந்தமானால் ஏறும் டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) அளவு பொய்யாகக் குறைந்தும், தைராய்டு ஹார்மோன் பொய்யாகக் கூடியும் காட்டும். தைராய்டு மந்தமாக இருப்பவருக்கு ‘எல்லாம் சரி’ என்றோ, ஏறியிருக்கிறது என்றோகூட அறிக்கை வந்துவிடலாம். மாரடைப்பைக் காட்டும் டிரோப்போனின் பரிசோதனையும் இதில் ஏமாறும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017-இலேயே எச்சரித்தது. போன மாதம் தைராய்டு பார்த்தேன், நார்மல் என்று எழுதியிருக்கிறீர்கள். பயோட்டின் சாப்பிடுவதை ரத்தம் எடுத்தவரிடம் சொன்னீர்களா? இல்லையென்றால் அந்தக் காகிதத்தை நான் நம்பத் தயாராக இல்லை. மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடி ரத்தம் கொடுங்கள். முன்பு சாப்பிட்ட அளவையும் சொல்லிவிடுங்கள். தூங்குவதற்காகப் போடும் சளி மாத்திரையும் வேண்டாம். அது மறுநாள் முற்பகல் வரை மந்தமாக்கும். அந்த மந்தத்துக்கும் நீங்கள் ‘சோம்பேறித்தனம்’ என்று பெயர் வைத்திருப்பீர்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஒன்பது முறை விட்டது எனக்குத் துளியும் கவலை தரவில்லை. தியானம், நடை, முகத்துக்கு ஏழு வகைப் பூச்சு, நன்றி நாட்குறிப்பு என்று ஒரே திங்கட்கிழமையில் பதினான்கு வேலையைத் தலையில் ஏற்றிக்கொண்டால் எவருக்கும் நழுவும். புதிதாக ஏற்றிய சுமை தோளிலிருந்து நழுவுவது வேறு. தோளே தொய்வது வேறு. குளிப்பது நீங்கள் மூன்று வருடத்துக்கு முன் சேர்த்த பழக்கம் அல்ல. நினைவு தெரிந்த நாளிலிருந்து யோசிக்காமல் செய்துவந்தது. படுக்கும் முன் படிப்பது கடமைக்காகச் செய்ததும் அல்ல, ஆசைக்காகச் செய்தது. யோசிக்காமல் செய்தது யோசனையாகிவிட்டது. ஆசையாகச் செய்ததில் ஆசை போய்விட்டது. இரண்டும் சேர்ந்து இரண்டு மாதம். நான் நிமிர்ந்து உட்கார்ந்தது இங்கேதான்.

மனச்சோர்வு என்றால் அழுதுகொண்டே இருப்பது என்று நினைக்கிறார்கள். என்னிடம் வருபவர்களில் பலர் வருத்தம் என்ற சொல்லையே சொல்வதில்லை. ‘அலுப்பாக இருக்கிறது’, ‘எதிலும் மனம் ஒட்டவில்லை’, ‘சட்டையை மாற்றுவதே பெரிய வேலையாக இருக்கிறது’ என்றுதான் சொல்வார்கள். நீங்கள் மூன்றரை மணிக்கு விழித்துப் பிறகு தூக்கம் வராமல் கிடப்பதையும், காலையில் பாறையாகக் கனக்கும் உடம்பு மாலையில் கொஞ்சம் லேசாவதையும் எழுதியிருக்கிறீர்கள். தூக்கக் குறைவு என்ற தலைப்பில் அதைப் போட்டிருக்கிறீர்கள். நான் அதை வேறு தலைப்பில் எழுதிக்கொண்டேன்.

முதல் சந்திப்பில் நாங்கள் கேட்பது இரண்டே கேள்வி. கடந்த இரண்டு வாரத்தில், பெரும்பாலான நாட்கள், எதிலும் ஆர்வமோ மகிழ்ச்சியோ இல்லாமல் இருந்ததா? மனம் தாழ்ந்து, நம்பிக்கையற்று இருந்ததா? ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் நேரில் வந்து பேச வேண்டும். உங்கள் கடிதமே முதல் கேள்விக்கு ‘ஆம்’ என்று சொல்லிவிட்டது. ஆகவே இந்த வாரமே ஒரு மருத்துவரைப் பாருங்கள். அடுத்த மாதம், வேலை முடிந்த பிறகு, பத்தாவது முறையாக அட்டவணை போட்டுப் பார்த்துவிட்டு என்றெல்லாம் வேண்டாம்.

அவர் ரத்தமும் பார்ப்பார், பார்க்கட்டும். ரத்தசோகை, தைராய்டு மந்தம், சர்க்கரை, பி12 குறைவு எல்லாமே இதே முகமூடியில் வரும். உங்கள் வயதில் மாதவிலக்கு மிகையாகப் போகிறதென்றால் ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருப்பது பெரிய ஆச்சரியமில்லை. ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினைப் பார்க்கச் சொல்லுங்கள். சத்தமாகக் குறட்டை விடுகிறீர்களா, தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று வீட்டில் இருப்பவர்களிடம் கேட்டுக்கொண்டு போங்கள். எல்லா முடிவும் நார்மல் என்று வந்தால் ‘அப்படியானால் ஒன்றுமில்லை, எனக்குத்தான் திமிர்’ என்று வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். பலர் நழுவிப் போவது இந்த இடத்தில்தான். மனச்சோர்வுக்கு ரத்தப் பரிசோதனை இல்லை. முடிவுகள் நார்மல் என்பது அந்தப் பேச்சின் தொடக்கம்.

வாழ்ந்து என்ன என்ற எண்ணம் எப்போதாவது எட்டிப் பார்த்தால், உங்களை நீங்களே காயப்படுத்திக்கொள்ளத் தோன்றினால், அன்றைக்கே, அது நள்ளிரவானாலும், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். அப்படி உண்டா என்று உங்களிடம் நேரடியாகத்தான் கேட்பேன். கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது.

இப்போது அம்மா. அவரை நான் பார்த்ததில்லை. பார்க்காதவருக்கு நோயின் பெயர் சூட்டமாட்டேன். ஆனால் சமையலும் பாட்டுமாக இருந்த ஒருவர் ஒரு வருடத்துக்குள் தலை வாராமல், பேசாமல், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டதை நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். சொந்தக்காரர்கள் அவரைச் சோம்பேறி என்றார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். யாராவது ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போனார்களா என்பது கடிதத்தில் இல்லை. பெற்றோரில் ஒருவருக்கு மனச்சோர்வு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு முதல் மூன்று மடங்கு. வாய்ப்புக் கூடுவதால் அது தலையெழுத்தாகிவிடாது. அப்படிப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அது வருவதில்லை, வந்தவர்களுக்கும் சிகிச்சை உண்டு. பேச்சு சிகிச்சை, மருந்து, சிலருக்கு இரண்டும். மருந்தின் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். சரியான பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டியிருக்கும், நடுவில் நீங்களாக நிறுத்தக் கூடாது. அம்மாவுக்குக் கிடைக்காத ஒன்று உங்களுக்கு இருக்கிறது: இரண்டாம் மாதத்திலேயே எழுதிக் கேட்டுவிட்டீர்கள்.

அன்றாடப் பராமரிப்புக்கு என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்களே. பதினான்கில் பன்னிரண்டை அடித்துவிடுங்கள். இப்போதைக்கு இரண்டு. எப்போது தூங்கினாலும் ஒரே நேரத்துக்கு எழுவது. எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் வெளிச்சத்தில் பத்து நிமிடம் நிற்பது அல்லது நடப்பது. குளியலைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், ஆனால் எளிதாக்கிக்கொள்ளுங்கள்: நின்று குளிக்க முடியாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் முடியாத நாளில் முகமும் கழுத்தும் மட்டும். மனம் வந்தபிறகு செய்யலாம் என்று காத்திருக்காதீர்கள். இந்த நோயில் மனம் முதலில் வராது. சின்னதாக ஒன்றைச் செய்தபின் மெல்லப் பின்னால் வரும். பேச்சு சிகிச்சையின் ஒரு வகையே இதன்மேல்தான் நிற்கிறது.

தெளிந்தபிறகு மற்றதைச் சேர்க்கலாம், ஒவ்வொன்றாக. 21 நாளில் பழக்கம் படியும் என்பதை நம்பித்தான் ஒவ்வொரு முறையும் ஏமாந்திருக்கிறீர்கள். அந்த எண் பழக்கங்களை ஆராய்ந்து வந்ததல்ல. முக அறுவை செய்துகொண்டவர்கள் புது முகத்துக்குப் பழக ஏறக்குறைய அவ்வளவு நாள் ஆகிறது என்று 1960-இல் ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் எழுதியதிலிருந்து கிளம்பியது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்த ஆய்வில், ஒரு பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18, சிலருக்கு 254 நாள் வரை போகும் என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் விட்டதால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. நீங்களோ பதினோராம் நாள் விட்டதும் பன்னிரண்டாம் நாள் நோட்டையே மூடிவிடுகிறீர்கள்.

புதியதை எப்போதும் பழையதன் முதுகில் ஏற்றுங்கள். எனக்கு ரத்த அழுத்த மாத்திரை எழுதித் தந்த முதல் மாதத்தில் பாதி நாள் நான் அதை மறந்தேன். ‘மாத்திரையை மறக்காதீர்கள்’ என்று மற்றவர்களை அதட்டும் அதே ஆள்தான். மாத்திரை அட்டையைப் பல் துலக்கும் பிரஷ் பக்கத்தில் வைத்த நாளிலிருந்து மறக்கவில்லை. இதில் மன உறுதிக்கு ஒரு வேலையும் இல்லை. அட்டை இடம் மாறியது, அவ்வளவுதான்.

கடைசியாக, டிக் போட்ட அந்த நோட்டைப் பார்த்தாலே அவமானமாக இருக்கிறது, கிழித்துப் போடப்போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். கிழிக்காதீர்கள். மருத்துவரிடம் போகும்போது மாத்திரைப் புட்டிகளோடு அதையும் எடுத்துப் போங்கள். தியானம், நடை, தண்ணீர் என்ற கட்டங்களை அவர் பார்க்க வேண்டியதில்லை. ‘குளியல்’, ‘படிப்பு’ என்ற இரண்டு கட்டங்களையும் காட்டுங்கள். எந்த வாரத்திலிருந்து அவை காலியாக இருக்கின்றன என்று அவர் கேட்பார். உங்கள் கையெழுத்திலேயே தேதியோடு பதில் இருக்கும்.