சினிமாக் குடும்பத்தில் பிறந்தால்தான் இயக்குநர் ஆக முடியுமா?

வெங்கட் பிரபுவை உதாரணம் காட்டி, "அப்பா கங்கை அமரன், பெரியப்பா இளையராஜா, அப்புறம் படம் எடுக்க என்ன கஷ்டம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியில் இருக்கும் எரிச்சலைப் பார்த்தால், உதவி இயக்குநராகச் சேர அலைந்து வாசலிலேயே நின்றவர் என்று தோன்றுகிறது. நானும் நின்றவன்தான். ஊர் வடசென்னை ராயபுரம். டிவி தொடர்களில் ஆறு வருடம் உதவி இயக்குநர், ஒரே ஒரு நாள் இயக்குநர்.

முதலில் வெங்கட் பிரபு கதை. அப்பாவே இயக்கி, இவர் கதாநாயகனாக நடித்த 'பூஞ்சோலை' வெளிவரவே இல்லை. பிறகு சின்னச் சின்ன வேடங்கள். இயக்கிய முதல் படம் 'சென்னை 600028' வந்தது 2007இல், வயது முப்பதைத் தாண்டிய பிறகு. (அதில் எதிரணிக்குப் பெயர் ராயபுரம் ராக்கர்ஸ். அதற்காகவே எங்கள் தெருவில் இரண்டு தடவை பார்த்தவர்கள் உண்டு.) அதன் தயாரிப்பில் இருந்தவர் எஸ்.பி.பி.யின் மகன் சரண். அப்பா பெயரால் 'பூஞ்சோலை' கரையேறவில்லை. ஆனால் அது நின்றுபோன பிறகும் இவரை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. நட்சத்திர வீடுகள் மட்டும் இப்படி என்று நினைக்காதீர்கள். மேக்கப்மேன் பீதாம்பரத்தின் மகன் இயக்குநர் பி. வாசு. 1981இல் அவரோடு சேர்ந்து 'பன்னீர் புஷ்பங்கள்' எடுத்த சந்தான பாரதியும் தயாரிப்பாளர் எம்.ஆர். சந்தானத்தின் மகன்தான்.

எங்கள் யூனிட்டில் பழைய தயாரிப்பாளர் ஒருவரின் பேரன் சேர்ந்தான். நல்ல பையன், கெட்டிக்காரன், அதையும் சொல்லிவிடுகிறேன். கேமராமேனை நான் 'சார்' என்பேன், அவன் 'மாமா' என்பான். மற்றபடி இருவருக்கும் ஒரே வேலை. நடிகர்களுக்கு வசனம் எடுத்துக்கொடுத்துப் பிராம்ப்ட் செய்வது, ஒரு ஷாட்டில் இருந்த உடையும் நகையும் அடுத்த ஷாட்டிலும் மாறாமல் இருக்கக் குறித்துவைக்கும் கன்டினியுட்டி எழுதுவது, பேட்டா என்கிற தினப்படிக்கு மேனேஜர் பின்னால் அலைவது.

ஒரு நாள் இயக்குநருக்குக் காய்ச்சல். என்னை எடுக்கச் சொன்னார்கள். வளசரவாக்கத்தில் ஒரு ஷூட்டிங் வீடு, ஒன்பது சீன். ராத்திரி ஒன்பதரைக்குள் முடித்துவிட்டேன். கேமராமேன் கை கொடுத்தார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எடிட்டிங்கில் பார்த்தால், கதாநாயகி ஹாலில் அழும்போது கழுத்தில் தாலி இருக்கிறது, அதே அழுகையோடு சமையலறைக்குள் நுழைந்தால் இல்லை. அரை நாள் கால்ஷீட் வீண். அதன் பிறகு அந்த நாற்காலிப் பக்கம் என்னை விடவே இல்லை.

நாலு மாதம் கழித்து அந்தப் பையனுக்கு இரண்டாவது யூனிட்டை இயக்கக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரி சீனில் இடது கையில் இருந்த கட்டு அடுத்த ஷாட்டில் வலது கைக்குப் போய்விட்டது. "டேய், உங்க தாத்தாவும் இப்படித்தான்டா" என்று கேமராமேன் சிரித்தார். மறுபடி எடுத்தார்கள். அவ்வளவுதான்.

"சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்" என்று சொல்ல இங்கே நாலு பேர் வருவார்கள், தெரியும். தாலி என் தப்புதான், மறுக்கவில்லை. வெங்கட் பிரபுவுக்குத் திறமை இல்லை என்றும் சொல்லவில்லை. டிவிக்காரர்கள் பேய் வீட்டில் மாட்டிக்கொள்ளும் 'லைவ் டெலிகாஸ்ட்' என்ற வெப் தொடரும் 'மாநாடு' படமும் அவருக்கு 2021 ஒரே வருடத்தில் வந்தன. சும்மா வாரிசு என்றால் அது நடக்காது. நான் சொல்வது இரண்டாவது வாய்ப்பைப் பற்றி மட்டும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ராயபுரம் என்று தெரிந்ததும் எல்லா யூனிட்டிலும் என்னிடம் கேட்டது, "ரவுடிக்கு நாலு லைன் எழுதிக் கொடுப்பா." எங்கள் வீட்டில் 'கஸ்மாலம்' என்று சொன்னால் அம்மா வாயிலேயே போடுவார். காசிமேட்டில் விடியற்காலையில் மீன் ஏலம் எடுக்கும் பெண்களின் பேச்சில் நாலு தொடருக்கு வசனம் இருக்கிறது, அதை ஒருத்தரும் கேட்டதில்லை. ராத்திரி பேக்கப் ஆனால் ஆட்டோக்காரர்கூட ராயபுரம் என்றதும் "மின்ட் தாண்டி வரமாட்டேன்" என்பார்.

சரி, உங்களுக்கு யோசனை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. போவதென்றால் போங்கள், கன்டினியுட்டி நோட்டை மட்டும் யாரை நம்பியும் கொடுக்காதீர்கள். நான் இப்போது கல்மண்டபத்தில் கல்யாண வீடியோ எடுக்கிறேன். பிளஸ் டூ படிக்கும் என் மகள்தான் எடிட்டிங்கில் உதவி. போன மாதம் ஒரு முகூர்த்தத்தின் மெமரி கார்டை அப்படியே அழித்துவிட்டாள். என் கேமராமேன் சிரித்துக்கொண்டே இரண்டாவது கேமராவில் இருந்ததை எடுத்துக் கொடுத்தார். அவரை அவள் மாமா என்றுதான் கூப்பிடுகிறாள்.