மின்சார ஏர்லெஸ் ஸ்ப்ரேயர்: பாதுகாப்பும் பராமரிப்பும் – கேள்வி பதில்

மின்சாரத்தில் இயங்கும் ஏர்லெஸ் பெயின்ட் ஸ்ப்ரேயரை வாங்கியவர்களும், வாடகைக்கு எடுத்தவர்களும், வாங்கலாமா என்று யோசிப்பவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு, இவற்றைப் பழுதுபார்ப்பதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் பதில் எழுதியிருக்கிறேன். வீட்டுச் சுவர் வேலைக்குப் பயன்படும் பிஸ்டன் பம்ப் வகையை மனத்தில் வைத்தே எல்லாவற்றையும் கூறுகிறேன். உங்கள் இயந்திரத்தின் கையேடு வேறு விதமாகச் சொன்னால் கையேட்டையே பின்பற்றுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர், வீட்டு உரிமையாளர்): ஐயா, கம்ப்ரசரில் அடிக்கும் ஸ்ப்ரே கன்னை நான் பல காலமாகப் பார்த்திருக்கிறேன். அதைவிட இது ஆபத்தானது என்று கடைக்காரரே சொல்கிறார். உண்மையா?

பதில்: உண்மைதான். கம்ப்ரசர் கன்னில் காற்றுதான் பெயின்டைச் சிதறடித்துத் தூவுகிறது. ஏர்லெஸ் இயந்திரத்தில் காற்றே கிடையாது. பெயின்டையே பம்ப் இறுக்கி, கன்னின் நுனியில் உள்ள நாசிலின் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் அளவேயான துளை வழியாக வெளியே தள்ளுகிறது. அந்த அழுத்தம் 3000 பிஎஸ்ஐ வரை, அதாவது ஏறத்தாழ 200 பார் வரை போகக்கூடியது. கார் டயரில் நாம் அடிக்கும் காற்று முப்பது பிஎஸ்ஐ அளவுதான் என்பதை நினைத்துப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும். நாசிலுக்கு மிக அருகில் இருக்கும் தோலை இந்தப் பீச்சல் துளைத்துவிடும். ரப்பர் கையுறை அதைத் தடுக்காது. எனவே கன்னை யார் பக்கமும் திருப்பக் கூடாது, நாசிலுக்கு முன் விரலைக் கொண்டுபோகக் கூடாது, நாசில் காப்பைக் கழற்றிவிட்டு அடிக்கக் கூடாது. அடிப்பதை நிறுத்தியதும், ஏணியிலிருந்து இறங்கும் அந்தச் சிறிய நேரத்துக்குக்கூட, ட்ரிகரைப் பூட்டிவிடுங்கள்.

கேள்வி (சேலம், பெயின்டர்): அடைத்த நாசிலை என் உதவியாளர் விரலால் துடைத்தபோது பெயின்ட் பீச்சி, ஆள்காட்டி விரலில் ஊசி குத்தியது போல ஒரு புள்ளி மட்டும் விழுந்தது. வலி இல்லை என்று வேலையைத் தொடர்கிறார். மருந்து போட்டால் போதுமா?

பதில்: போதாது. இதைப் படித்த உடனே அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மீதிப் பதிலைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

இந்தக் காயத்தின் ஏமாற்று வேலையே அதுதான். வெளியில் ஒரு புள்ளி, ஒரு சொட்டு ரத்தம், சில சமயம் அதுவும் இல்லை. ஆனால் உள்ளே போன பெயின்ட் தசைநாண்களின் உறை வழியாக உள்ளங்கை வரைக்கும்கூடப் பரவியிருக்கும். முதலில் மரத்துப்போன உணர்வு மட்டும் இருக்கும். சில மணி நேரத்தில் விரல் வீங்கி, ரத்த ஓட்டம் தடைப்பட்டு, திசு அழுகத் தொடங்கும். விரலைத் திறந்து உள்ளே உள்ள பெயின்டை அகற்றும் அறுவைச் சிகிச்சை ஆறு மணி நேரத்துக்குள் நடந்தால் விரலைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். தாமதமானால் விரலையே எடுக்க வேண்டிவரலாம். எனாமல், தின்னர் போன்ற கரைப்பான் சார்ந்தவை உள்ளே போயிருந்தால் ஆபத்து இன்னும் கூடுதல்.

புள்ளியைப் பிதுக்காதீர்கள், தின்னரில் கழுவாதீர்கள். கையை உயர்த்திப் பிடித்தபடி கிளம்புங்கள். பெயின்ட் டின்னையோ, அதன் லேபிளைப் படம் எடுத்தோ கொண்டுபோங்கள். தெருமுனை கிளினிக்கில் இதைச் சாதாரணக் குத்துக்காயம் என்று நினைத்து டிடி ஊசி போட்டு அனுப்பிவிடக்கூடும். ஆகவே ‘அதிக அழுத்தத்தில் பெயின்ட் தோலுக்குள் பாய்ந்துவிட்டது’ என்று நீங்களே தெளிவாகச் சொல்லி, கை அறுவைச் சிகிச்சையோ பிளாஸ்டிக் சர்ஜரியோ உள்ள மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். சென்னை என்றால் ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும், கொங்குப் பக்கம் என்றால் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையிலும் கைக்கென்றே தனிப் பிரிவு உண்டு.

கேள்வி (மதுரை, ஒப்பந்ததாரர்): வேலை நடுவில் கரண்ட் போய்விட்டது. இயந்திரம்தான் நின்றுவிட்டதே என்று நாசிலைக் கழற்றப் போன பையனை மேஸ்திரி தடுத்துவிட்டார். மின்சாரமே இல்லாதபோது என்ன ஆகிவிடும்?

பதில்: மேஸ்திரிக்கு நன்றி சொல்லுங்கள். மோட்டார் நின்றாலும், பம்புக்கும் கன்னுக்கும் இடையில் ஹோஸுக்குள் அடைபட்டிருக்கும் பெயின்ட் அதே அழுத்தத்தில்தான் இருக்கிறது. என் பட்டறைக்கு வரும் இயந்திரங்களில்கூட, நேற்று அணைத்துக் கொண்டுவந்தது என்று சொல்வார்கள். ட்ரிகரை அழுத்தினால் பீச்சும். மின்சாரம் திரும்பி வரும்போது சுவிட்ச் போட்ட நிலையிலேயே இருந்தால் மோட்டார் தானாக ஓடத் தொடங்கும் என்பதும் இன்னொரு ஆபத்து.

கரண்ட் போனாலும், சாப்பிடப் போனாலும், நாசில் மாற்றினாலும், ஹோஸைக் கழற்றினாலும் செய்ய வேண்டிய முறை ஒன்றே. முதலில் ட்ரிகரைப் பூட்டிவிட்டுச் சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்குங்கள். அழுத்தக் குமிழைக் கடைசி வரைக்கும் குறைத்து, பெயின்டைக் கன்னுக்கோ வாளிக்கோ திருப்பிவிடும் பிரைம் வால்வை ‘ஸ்ப்ரே’ நிலையிலிருந்து ‘பிரைம்’ நிலைக்குத் திருப்புங்கள். அடைபட்ட பெயின்டில் ஒரு பகுதி திரும்புக் குழாய் வழியாக வாளிக்குள் வந்துவிடும். பிறகு பூட்டைத் திறந்து, கன்னைக் கழிவு வாளியின் உட்பக்கச் சுவரை நோக்கிப் பிடித்து, பெயின்ட் வருவது நிற்கும் வரைக்கும் ட்ரிகரை அழுத்தி, மீண்டும் பூட்டுங்கள். ஹோஸைக் கையால் தொட்டுப் பார்த்தால் விறைப்பு போய்த் தளர்ந்திருப்பது தெரியும்.

ட்ரிகரை அழுத்தியும் எதுவும் வரவில்லை, ஹோஸோ இன்னும் விறைப்பாகவே இருக்கிறது என்றால் நாசிலோ கன் பில்டரோ அடைத்திருக்கிறது என்று பொருள். அப்போது நாசில் காப்பின் மரையை, துணி போர்த்தி, முகத்தை விலக்கிக்கொண்டு, மிக மிக மெதுவாக, கால் திருகு கால் திருகாகத் தளர்த்தி அழுத்தத்தைக் கசியவிட வேண்டும். முழுதாகத் தளர்ந்த பின்னரே கழற்றலாம்.

சாதாரண அடைப்புக்குக் கழற்றவே தேவையில்லை. ட்ரிகரைப் பூட்டி, நாசிலின் அம்புக்குறி பின்னோக்கி வரும்படி அதை 180 டிகிரி திருப்பி, பூட்டைத் திறந்து வாளிக்குள் ஒரு முறை அடித்தால் அடைத்த துணுக்கு தெறித்துவிடும். பிறகு மீண்டும் பூட்டிவிட்டு நாசிலைப் பழைய நிலைக்குத் திருப்பிக்கொள்ளுங்கள்.

கேள்வி (ஈரோடு, பெயின்டர்): நாசிலில் 517 என்றும் 311 என்றும் போட்டிருக்கிறதே, எதற்கு எது?

பதில்: முதல் இலக்கத்தை இரண்டால் பெருக்கினால், சுவரிலிருந்து ஓர் அடி தூரத்தில் நின்று அடிக்கும்போது விசிறி போல விரிந்து விழும் பெயின்ட் பட்டையின் அகலம் அங்குலத்தில் கிடைக்கும். கடைசி இரண்டு இலக்கங்கள் துளையின் அளவு, ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் இத்தனை பங்கு என்ற கணக்கில். ஆக 517 என்றால் பத்து அங்குல விசிறி, 0.017 அங்குலத் துளை, மில்லிமீட்டரில் 0.43. உட்புறச் சுவர் எமல்ஷனுக்கு 515 அல்லது 517 பொருந்தும். வெளிப்புற எமல்ஷன் கெட்டியாக இருந்தால் 519, 521 வரைக்கும் போகலாம், உங்கள் பம்ப் அந்த அளவைத் தாங்கும் என்று கையேட்டில் போட்டிருந்தால் மட்டும். கதவு, ஜன்னல் எனாமலுக்கு 313. வார்னிஷுக்கு 311 அல்லது அதற்கும் சிறியது. நாசில் சிறுத்தால் கன்னுக்குள் இருக்கும் பில்டரின் வலையும் நெருக்கமானதாக இருக்க வேண்டும்: எமல்ஷனுக்கு 60 மெஷ் (ஓர் அங்குலத்தில் 60 கண்கள்), எனாமல், வார்னிஷுக்கு 100 மெஷ். பெயின்டை நைலான் வலையில் வடிகட்டாமல் ஊற்றுபவர்களுக்கு எந்த நாசிலும் நிற்காது.

கேள்வி (திருச்சி): அடித்த பட்டையின் இரண்டு ஓரத்திலும் கனமான கோடு விழுகிறது, நடுவில் மெல்லியதாக இருக்கிறது. அழுத்தத்தை முழுக்க ஏற்றிவிடலாமா?

பதில்: கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள், கோடு மறையும் இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் ஏற்றினால் சுவரில் படுவதைவிடக் காற்றில் பறப்பது அதிகமாகும், நாசிலும் விரைவில் தேயும். ஏற்றியும் கோடு மறையவில்லை என்றால் மூன்று காரணங்களைப் பார்க்க வேண்டும்: பெயின்ட் கெட்டியாக இருக்கலாம், பில்டர் பாதி அடைத்திருக்கலாம், நாசில் தேய்ந்திருக்கலாம். தேய்ந்த நாசிலின் துளை பெரிதாகி விசிறி குறுகும். அட்டையில் ஒரு முறை அடித்து அளந்து பாருங்கள், பத்து அங்குலம் ஏழரையாகச் சுருங்கியிருந்தால் மாற்றிவிடுங்கள். ஊசியால் குத்திச் சுத்தம் செய்தால் துளையின் விளிம்பு சிதைந்துவிடும். கையசைவையும் கவனியுங்கள். மணிக்கட்டைச் சுழற்றாமல், சுவரிலிருந்து ஓர் அடி தூரத்தில் கன்னை நேராக நிறுத்தி, கை நகரத் தொடங்கிய பின் ட்ரிகரை அழுத்தி, நகர்வு முடியும் முன்பே விட்டுவிட வேண்டும். ஒவ்வொரு பட்டையும் முந்தைய பட்டையில் பாதியை மூட வேண்டும்.

கேள்வி (கோயம்புத்தூர், கிரில் பட்டறை): எனாமல் அடித்த பிறகு தின்னர் ஊற்றி, முழு அழுத்தத்தில் பிளாஸ்டிக் பக்கெட்டுக்குள் அடித்துக் கழுவுகிறோம். பக்கத்தில் வெல்டிங்கும் நடக்கிறது. பிரச்சினை வருமா?

பதில்: இதுவரைக்கும் வராததுதான் ஆச்சரியம். கரைப்பான் ஹோஸுக்குள் வேகமாக ஓடும்போதே நிலைமின்சாரம் சேர்கிறது; அது பொறியாகத் தெறிக்கும் இடத்தில் தின்னர் ஆவி இருந்தால் தீதான். கழுவும்போது நாசிலைக் கழற்றிவிட்டு, மிகக் குறைந்த அழுத்தத்தில், எர்த் இணைத்த இரும்பு வாளிக்குள், கன்னின் உலோகப் பகுதி வாளியின் விளிம்பைத் தொட்டபடி அடியுங்கள். வாளியைப் பலகை மீதோ அட்டை மீதோ வைக்காமல் வெறும் சிமென்ட் தரையில் வையுங்கள். மோட்டாரின் கார்பன் பிரஷும் பொறி விடும் என்பதால், எரியும் பெயின்ட் அடிக்கும்போது இயந்திரம் அடிக்கும் இடத்திலிருந்து ஆறு மீட்டராவது தள்ளி, நல்ல காற்றோட்டத்தில் இருக்க வேண்டும். வெல்டிங், கிரைண்டிங், பீடி எல்லாம் நிற்க வேண்டும்.

என்சி தின்னர் (நைட்ரோசெல்லுலோஸ் லாக்கருக்கான தின்னர்), பெட்ரோல் இரண்டையும் வீட்டு வேலைக்கான சிறிய மாடல்களில் ஊற்றவே கூடாது. தீப்பற்றுநிலை, அதாவது தீப்பற்றும் அளவுக்கு ஆவி எழும் வெப்பநிலை, 21 டிகிரி செல்சியஸுக்குக் கீழ் உள்ள எதுவும் கூடாது என்று பல கையேடுகளிலேயே இருக்கிறது. மெத்திலீன் குளோரைடு கலந்த பெயின்ட் ரிமூவரும் கூடாது. பம்பில் உள்ள அலுமினியத்தோடு வினைபுரிந்து வெடிக்கக்கூடியது அது.

கேள்வி (நாகர்கோவில்): மழைக்காலம் முழுவதும் மூட்டைகட்டி வைத்திருந்தேன். இப்போது மோட்டார் ஓடுகிறது, ஆனால் பெயின்டை உறிஞ்சவில்லை. பம்ப் போய்விட்டதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. உறிஞ்சு குழாய் சேரும் இடத்தில் ஒரு சிறிய எஃகுக் குண்டு இருக்கிறது. பழைய பெயின்ட் காய்ந்து அது தன் இருக்கையில் ஒட்டிக்கொண்டிருக்கும். பிளக்கைப் பிடுங்கி, குழாயைக் கழற்றி, பென்சிலின் மழுங்கிய முனையால் குண்டை மெதுவாக மேலே தள்ளினால் விடுபடும். சில மாடல்களில் இதற்கென்றே ஒரு பொத்தான் உண்டு. சிறிது சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பிறகு ஓட்டிப் பாருங்கள்.

இது மீண்டும் வராமலிருக்க, எமல்ஷன் அடித்த அன்றே கழுவ வேண்டும்; ‘நாளைக்கும் இதே கலர்தானே’ என்று விடுபவர்கள்தான் என் வாடிக்கையாளர்கள். ஹோஸில் மீதமிருக்கும் பெயின்டைத் தண்ணீரால் தள்ளி டின்னிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு வாளியை மாற்றி, தண்ணீர் தெளிந்து வரும் வரைக்கும் கன் வழியாகவும், வால்வைத் திருப்பித் திரும்புக் குழாய் வழியாகவும் ஓட்டுங்கள். உறிஞ்சும் முனையிலுள்ள சல்லடை, கன் பில்டர், நாசில் மூன்றையும் கழற்றிப் பழைய பல்துலக்கியால் தேயுங்கள். சில நாட்களுக்கு மேல் வைப்பதென்றால் பம்புக்குள் தண்ணீரை விட்டுவைக்காதீர்கள், துருப்பிடிக்கும்; கடைசியாக மினரல் டர்ப்பன்டைனையோ, கம்பெனி தரும் பம்ப் பாதுகாப்புத் திரவத்தையோ ஓட்டி நிரப்பி வையுங்கள். அடுத்த முறை எமல்ஷன் ஊற்றும் முன் சோப்புத் தண்ணீரால் அதைக் கழுவிவிட வேண்டும். பிஸ்டன் தண்டின் மேற்பக்கம் தினமும் வேலை தொடங்கும் முன் அதற்குரிய எண்ணெய் சில சொட்டு விட்டால், தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் பேக்கிங் நெடுநாள் உழைக்கும்.

கேள்வி (திண்டுக்கல்): பட்டியும் சுண்ணாம்பும் இதில் அடிக்கலாமா?

பதில்: கூடாது. பட்டி, சுண்ணாம்பு, தூளில் கரைக்கும் சிமென்ட் பெயின்ட் மூன்றுமே பிஸ்டனையும் நாசிலையும் அரைத்துவிடும். பட்டி அடிக்கும் பெரிய இயந்திரங்கள் தனி.

கேள்வி (சென்னை, அடுக்குமாடிக் குடியிருப்பு நிர்வாகி): வெளிச்சுவர் வேலைக்கு நீளமான எக்ஸ்டென்ஷன் வயர் போடலாமா? கீழே கார்கள் நிற்கின்றன. வேலையாட்களுக்கு எந்த முகமூடி வேண்டும்?

பதில்: வயரை நீட்டுவதைவிட ஹோஸை நீட்டுவது நல்லது. மெல்லிய, நீளமான வயரில் வோல்டேஜ் இறங்கி மோட்டார் சூடாகும். தவிர்க்க முடியாவிட்டால் 2.5 சதுர மில்லிமீட்டர் மூன்று கம்பி வயர் போடுங்கள். மூன்றாவது கம்பி எர்த். பிளக்கை வெட்டிவிட்டு இரண்டு கம்பியைச் சாக்கெட்டில் சொருகித் தீக்குச்சியால் இறுக்கும் வழக்கத்தை எந்தத் தளத்திலும் அனுமதிக்காதீர்கள். ஈரமான வெளிச்சுவர் வேலையில் மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி உள்ள இணைப்பையே கொடுங்கள்.

கார்களை அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். முடியாதவற்றை முழுதாக மூடுங்கள். சென்னையில் வெயில் நாட்களில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழும் என்பதால் ஸ்ப்ரே வேலையைக் காலையிலேயே முடித்துவிட்டு, பிற்பகலில் ரோலர், பிரஷ் வேலைகளை வைத்துக்கொள்வது நல்லது. சொரசொரப்பான புதுப் பூச்சில் முதல் கோட்டை ஸ்ப்ரே செய்த கையோடு ரோலர் போட்டு இழுத்தால்தான் பெயின்ட் துளைகளுக்குள் இறங்கும். முகமூடியைப் பொறுத்தவரை எமல்ஷன் தூவலுக்கு என்95 உதவும். எனாமலின் ஆவியை அது தடுக்காது, கரைப்பான் ஆவிக்குரிய கார்ட்ரிட்ஜ் உள்ள முகமூடி வேண்டும். கண்ணாடி இரண்டுக்குமே கட்டாயம்.

கேள்வி (விழுப்புரம்): பழைய இயந்திரம் ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கும்போது எதைப் பார்ப்பது?

பதில்: முதலில் ஹோஸை முழு நீளத்துக்கும் விரித்துப் பாருங்கள். மடிப்பு, வீக்கம், கம்பி வலை தெரியும் கிழிசல் எதுவும் இருந்தால் புது ஹோஸின் விலையைக் கழித்துப் பேசுங்கள். டேப் சுற்றிய ஹோஸில் அழுத்தம் ஏற்றிப் பார்க்கவே கூடாது, கசிவைக் கையால் பொத்தவும் கூடாது. ஹோஸ் நன்றாக இருந்தால் ஒரு வாளித் தண்ணீரில் ஓட்டி அழுத்தம் ஏற்றி, ட்ரிகரை விட்டுவிடுங்கள். நல்ல பம்ப் என்றால் மோட்டார் நின்று, நின்றபடியே இருக்கும். ட்ரிகரைத் தொடாமலேயே சில நொடிக்கு ஒரு முறை மோட்டார் ஓடி ஓடி நின்றால், உள்ளே குண்டோ பேக்கிங்கோ பிரைம் வால்வோ அழுத்தத்தைக் கசியவிடுகிறது. பேக்கிங் என்றால் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பிஸ்டன் தண்டில் நகத்தை வைத்து இழுக்கும்போது கீறல் தட்டுப்பட்டால், புது பேக்கிங்கையும் அது சீக்கிரமே தின்றுவிடும்.